சீசன் டிக்கெட்காரர் பெண் பார்க்கப் போனார்

சீசன் டிக்கெட்காரர் என்று ஓர் இனம் உண்டு. அதைப் பார்க்க நீங்கள் ரயில் ஏற வேண்டியதில்லை. ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போங்கள். நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடக்கும்போது, வாசல் கதவில் தோளைச் சாய்த்து, பையை நெஞ்சோடு அணைத்தபடி ஒருவர் நிற்பார். அவர்தான். உட்காரச் சொன்னால், "பரவால்லங்க, இப்படியே காத்து வருது" என்பார். வற்புறுத்தி உட்கார வைத்துவிட்டீர்களா? மூன்று பேர் உட்காரும் சோபாவில் தன்னந்தனியாக இருந்தாலும் ஓரமாக நகர்ந்து, நான்காவது ஆளுக்கும் இடம் விட்டுத்தான் உட்காருவார். யார் அந்த நான்காவது ஆள்? அவருக்கும் தெரியாது.

இந்த இனத்தை உறுதிசெய்ய ஒரே ஒரு கேள்வி போதும். "வீட்லருந்து வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேளுங்கள்.

"ஒரு மணி நேரந்தாங்க."

அந்த ஒரு மணி நேரம் எது என்று தோண்டக் கூடாது. தோண்டினால், இருட்டில் பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனது, ரயில் வர நின்றது, பின்னால் வந்த எக்ஸ்பிரசுக்கு வழிவிட்டு 'கிராசிங்' என்று வயல்வெளியில் சும்மா கிடந்தது, இறங்கி கம்பெனி பஸ்ஸுக்கு ஓடியது, அந்த பஸ் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தது எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். அதெல்லாம் கணக்கில் இல்லையா? இல்லை. சக்கரம் உருண்டால்தான் அவருக்குப் பயணம். மற்றதெல்லாம் வாழ்க்கை.

நமக்குத் தெரிந்த சீசன் டிக்கெட்காரர் மைக்கேல்ராஜ். மதுராந்தகத்துக்கு வெளியே புதிதாக மனை பிரித்த நகர் ஒன்றில் வீடு. வேலை ஒரகடத்தில், கார்களுக்குக் கதவு செய்யும் தொழிற்சாலையில். விடியற்காலை பாசஞ்சரில் ஏறி சிங்கப்பெருமாள்கோயிலில் இறங்கி, அங்கிருந்து கம்பெனி பஸ். பிளாட்பாரத்தில் அவர் நிற்கும் இடத்துக்கு நேராகத்தான் பெட்டியின் கதவு வந்து நிற்கும். நிற்காவிட்டால் டிரைவர் புது ஆள். பெட்டிக்குள் யார் செங்கல்பட்டில் எழுந்திருப்பார்கள் என்பதை, அவர்கள் டிபன் பாக்ஸ் பையின் ஜிப்பை இழுக்கும் விதத்திலேயே கண்டுபிடித்து, முன்கூட்டியே அவர்கள் முழங்காலுக்கு எதிரே போய் நின்றுகொள்வார். ஜோசியம் சொல்கிறவர்கள் இவரிடம் பிச்சை வாங்க வேண்டும்.

தூக்கம்தான் அவருடைய தனித் திறமை. நின்றுகொண்டு தூங்குவார். கம்பியைப் பிடித்த கை மட்டும் விழித்திருக்கும். செங்கல்பட்டு தாண்டி ஏரிக்காற்று முகத்தில் பட்டால் உடம்பு தானாகக் கதவுப் பக்கம் திரும்பும். சிங்கப்பெருமாள்கோயிலில் கால் தானாக இறங்கும். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு மீதித் தூக்கம் தொடரும். இதில் மைக்கேல்ராஜுக்கு எந்தப் பங்கும் இல்லை. அவருடைய பிள்ளைகளும் அவரைப் போலவே தூங்குகிறவர்கள்தான். காலையில் அவர் கிளம்பும்போதும் தூங்குவார்கள், இரவு வரும்போதும் தூங்குவார்கள். பிள்ளைகள் வளர்வதை மற்ற அப்பாக்கள் உயரவாக்கில் பார்ப்பார்கள்; இவர் நீளவாக்கில் பார்த்தார்.

பெட்டியில் அவருக்கு ஒரு குடும்பமே உண்டு. யாருக்கும் யார் பெயரும் தெரியாது. படாளத்தண்ணன், மேல்மருவத்தூர் சார், டிபன் பாக்ஸ் அக்கா, அவ்வளவுதான். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் ரிச்சர்டைத் தெரியும். ரிச்சர்ட் மைக்கேல்ராஜின் தம்பி. "எங்க வூட்லயே மொத இன்ஜினியர்" என்று அண்ணன் சொல்லிச் சொல்லி, பார்த்தே இராத அந்தத் தம்பியின் கடைசி வருட மார்க் வரை பெட்டிக்கே மனப்பாடம். தம்பிக்கும் வேலை ஒரகடத்தில்தான். ஆனால் அவன் சுங்குவார்சத்திரத்தில் நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கிவிட்டான். அண்ணனுக்கு அதில் மட்டும் வருத்தம். கல்யாணம் ஆகிவிட்டால் தம்பியும் தம்பி பொண்டாட்டியும் வீட்டோடு வந்துவிடுவார்கள், மூவரும் ஒரே வண்டியில் போகலாம் என்று நினைத்து, பெட்டியில் அவர்கள் இருவருக்கும் இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டார். பொண்ணு இன்னும் பார்க்கவில்லை; இடம் பார்த்தாயிற்று.

பொண்ணும் வந்தாள். ஜோதி. ரிச்சர்டின் கம்பெனியிலேயே தரம் பார்க்கும் பிரிவில் வேலை, வீடு படப்பை, அவர்களும் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்தான். இருவருக்கும் பிடித்துப்போய், பேச்சு பெரியவர்கள் வரை வந்தது. ஜோதியின் அப்பா வளைகுடாவில் இருக்கிறார். அதனால் வீட்டில் எல்லா முடிவும் அம்மா ஃபாத்திமாவுடையது. அந்த அம்மாள் ரிச்சர்டிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "ஒருத்தர ஏர்போர்ட்டுக்குக் குடுத்துட்டேன். பொண்ண ரயிலுக்குக் குடுக்க மாட்டேன்."

ரிச்சர்ட் அன்றிரவே வீட்டுக்கு ஓடி வந்தான்.

"ண்ணா, உன்ன ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அங்க போயி ரயிலப் பத்திப் பேசாத."

"நான் எங்கடா பேசறேன்?"

"இந்தக் கல்யாணம் நின்னா அதாலதான் நிக்கும். கிராசிங், அவுட்டர், ஒரு மணி நேரந்தான், எதுவும் வேணாம்."

"ஒரு மணி நேரந்தானடா?"

ரிச்சர்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். அப்பா இல்லாத வீடு. அண்ணன்தான் பேச வேண்டும். வேறு அண்ணனுக்கு எங்கே போவது?

ஜோதிக்கு அந்த வாரம் மதிய ஷிஃப்ட் என்பதால், புதன்கிழமை காலை டிபனுக்கே வரச் சொல்லியிருந்தார்கள். கார் பிடிக்கலாம் என்றான் தம்பி. "நம்ம வண்டி இருக்கும்போது கார் எதுக்கு? தாம்பரத்துல எறங்குனா படப்பைக்கு பஸ் மேல பஸ்" என்றார் அண்ணன். அவருடைய மனைவி, பிள்ளைகளின் பரீட்சைக்காக வீட்டிலேயே இருந்துவிட்டாள். அம்மா அன்னபுஷ்பம், ரிச்சர்ட், மைக்கேல்ராஜ் மூவரும் இருட்டிலேயே வண்டி ஏறினார்கள். அம்மாவுக்கும் தம்பிக்கும் உட்கார இடம் பிடித்துக் கொடுத்தார். அம்மா ஜெபமாலையை எடுத்தாள். வெள்ளைச் சட்டையும் கையில் பழமும் பூவும் நிறைந்த பையுமாக, மைக்கேல்ராஜ் வழக்கம்போலக் கதவோரம் போய் நின்றார். போனைச் சத்தமில்லாமல் வைத்தார். கம்பியைப் பிடித்தார்.

ஏரிக்காற்று வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே சொல்லிவிடுவீர்கள். லீவு போட்ட விஷயத்தை உடம்புக்கு யார் சொன்னார்கள்? சிங்கப்பெருமாள்கோயிலில் கால் இறங்கியது. கூட்டத்தோடு நடந்தது. கம்பெனி பஸ்ஸில் ஏறியது. அங்கே அவரை யாரும் ஏனென்று கேட்கவில்லை. அந்த பஸ்ஸில் ஏறுகிற எல்லோரும் மீதித் தூக்கத்துக்கு ஏறுகிறவர்கள்தான். ஒரகடத்தில் வரிசையில் நின்று, வாயிலில் அடையாள அட்டையைக் காட்டக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனபோதுதான் கழுத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. கையில் மல்லிகைப்பூ மணத்தது.

காவலாளி பாபு அவரை மேலும் கீழும் பார்த்தான். "இன்னா சார், லைனுக்குப் பூ வாங்கினு வந்துகீறீங்க? மிஷினுக்கு சீமந்தமா?"

மைக்கேல்ராஜ் விழித்துக்கொண்டார். நன்றாகவே விழித்துக்கொண்டார். போனை எடுத்தால் தம்பியின் அழைப்புகள் வரிசையாக நின்றன. அடுத்த அழைப்பும் அப்போதே வந்தது.

"ண்ணா! தாம்பரத்துல பொட்டி பொட்டியா தேடிகினு இருக்கோம். எங்க கீற?"

"ஒரகடத்துல."

போனில் தாம்பரம் ஸ்டேஷன் அறிவிப்பு மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால் அம்மா, "அவன் உயிரோட கீறானா, அத மட்டும் கேளு" என்றாள்.

"நீங்க பஸ்ஸப் புடிங்க. இங்கருந்து படப்பை கிட்டதான். நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டார். தூக்கம் சுத்தமாகப் போயிருந்தது. ரயிலைப் பற்றிப் பேசக் கூடாது என்று கெஞ்சிய தம்பியின் முகம் மட்டும் எதிர் சீட்டில் உட்கார்ந்து வந்தது. வழியில் ஒரு முருகன் கோயில் அலங்கார வளைவு வந்தபோது, மாதாவைக் கும்பிடுகிற கை முருகனுக்கும் ஒரு கும்பிடு போட்டது. அந்த நேரத்தில் ஆள் பார்த்துக் கும்பிட முடியுமா?

அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். கதவைத் திறந்த ஃபாத்திமா, தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"மத்தவங்க எங்க தம்பி?"

"பின்னாடி வர்றாங்கம்மா. கம்பெனில ஒரு சின்ன வேலை. அப்படியே எட்டிப் பாத்துட்டு வந்தேன்."

உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "பூவோடயா சார்?"

தம்பி ஜோதிக்குப் போன் பண்ணிவிட்டான் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சோபாவில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். ஃபாத்திமா எதிரே உட்கார்ந்தாள்.

"தம்பி, எனக்கு சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. உங்க வூட்லருந்து ஒரகடம் போவ எவ்ளோ நேரம் ஆவும்?"

வாய் கேட்குமா? "ஒரு மணி நேரந்தாம்மா" என்றது.

ஜோதி திரையை விலக்கிக்கொண்டு வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். சிரிப்பை அடக்கிய முகம். ஆனால் கேள்வி சிரிப்பாக இல்லை.

"நீங்க கெளம்பும்போது விடிஞ்சிருக்குமா சார்?"

"விடியாது."

"திரும்பி வர்றப்ப வெளிச்சம் இருக்குமா?"

"வெயில் காலத்துல கொஞ்சம் இருக்கும்."

"பசங்க முழிச்சிருப்பாங்களா?"

"ஞாயித்துக்கிழமை" என்றார் மைக்கேல்ராஜ்.

சொன்ன பிறகு அந்தப் பதிலை அவரே ஒரு தரம் கேட்டார். யாரோ அடுத்த பெட்டியில் பேசுவதுபோல இருந்தது. ஃபாத்திமா மகளைப் பார்த்தாள்; மகள் தரையைப் பார்த்தாள். தம்பி எது நடக்கக் கூடாது என்றானோ அது அந்த அறைக்குள் நடந்து முடியப் போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. பெட்டியில் அவர் பார்த்து வைத்திருந்த இரண்டு இடங்களும் நினைவுக்கு வந்தன. ஒன்று ஜன்னலோரம்.

"அம்மா, ரயிலப் பத்திப் பேசக் கூடாதுன்னு தம்பி சொல்லிக் கூட்டினு வந்தான். பேசிட்டேன். இன்னும் ஒண்ணு பேசிடறேன். எனக்குப் பழகிப்போச்சு. தூக்கத்துலகூட காலு தானா எறங்குது, இன்னிக்குப் பாத்தீங்க. அந்தக் காலு எங்க தம்பிக்கு வேணாம். ரெண்டு பேரும் இங்கயே படப்பையில வூடு பாத்துகினு இருக்கட்டும். நானே பாத்துத் தரேன். என் வூட்டுக்கு ஞாயித்துக்கிழமை வந்தா போதும். நானும் அன்னிக்குத்தான் அங்க கீறேன்."

ஃபாத்திமா மகளுக்குச் சமையலறையைக் கண்ணால் காட்டினாள். ஜோதி உள்ளே போய் காபியோடு வந்தாள்.

"எடுத்துக்கோங்க மாமா."

'சார்' போய் 'மாமா' வந்துவிட்டது. இதற்கு மேல் வேறு நிச்சயதார்த்தம் வேண்டுமா?

வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்த ரிச்சர்ட், பஸ்ஸில் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணியதை வாசற்படியிலேயே ஆரம்பித்தான். "அம்மா, அண்ணன் எது சொல்லியிருந்தாலும் மனசுல வெச்சுக்காதீங்க, நாங்க படப்பையிலயே..."

"அதத்தான் உங்க அண்ணன் சொன்னாரு. இட்லி ஆறுது, உக்காருங்க" என்றாள் ஃபாத்திமா.

ரிச்சர்ட் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் காபியைப் பார்த்தார். அன்னபுஷ்பம் மட்டும் விடவில்லை.

"ஏண்டா, பெத்தவள நடு ரயில்ல உட்டுட்டு எங்கடா போன?"

"முன்னாடி வந்து பேசி முடிச்சேம்மா."

பாருங்கள், இந்த இனம் தோற்காது. மறுநாள் பெட்டியில் கதை வேறு மாதிரி ஓடியது. "படப்பைக்குத் தாம்பரம் போயி சுத்துவாங்களா எவனாவது? பிளான் பண்ணிதான் சிங்கப்பெருமாள்கோயில்ல எறங்கினேன். அவங்க வர்றதுக்குள்ள கல்யாணமே பேசியாச்சு!" படாளத்தண்ணன் அந்த வழியை மனத்தில் குறித்துக்கொண்டார். டிபன் பாக்ஸ் அக்கா, "அப்ப உங்க தம்பி இந்த வண்டிக்கு வர மாட்டாரா?" என்று கேட்டார். மைக்கேல்ராஜ் அதற்கு, இன்று கிராசிங் இருக்கிறது போலிருக்கிறதே என்றார்.

சொன்ன சொல் தவறாமல் தம்பியைக் கூட்டிக்கொண்டு அவனுக்கு வீடு பார்க்கவும் போனார். மாடி வீடு. நல்ல காற்று, நல்ல தண்ணீர், நடக்கிற தூரத்தில் சர்ச், தெருமுனையில் ஜோதியின் அம்மா வீடு. எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், முன்பணம் பேசுமுன் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"இங்கருந்து ஸ்டேஷன் எவ்ளோ தூரம்ங்க?"

"படப்பையில ஏதுங்க ஸ்டேஷன்?"

மைக்கேல்ராஜின் முகம் விழுந்துவிட்டது. தம்பியைத் தனியே அழைத்து, ஏதோ நோயைச் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில், "ஸ்டேஷனே இல்லியாம்டா. உனக்குப் பரவால்லயா?" என்றார்.

"அதுக்குத்தாண்ணா இங்க வர்றோம்" என்று ரிச்சர்ட் அண்ணன் தோளில் கை போட்டுக்கொண்டான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடைசியாக நீங்கள் ஒரு வீடு பார்க்கப் போனபோது முதலில் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தீர்களா, இல்லை ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று கேட்டீர்களா? குழாய் என்றால் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டுங்கள். ஸ்டேஷன் என்றால், ஒரு நிமிடம், தலையை நிமிர்த்தி வெளியே ஸ்டேஷன் பெயர்ப் பலகையைப் பாருங்கள். உங்களோடு வண்டி ஏறிய வீட்டு ஆட்கள் இன்னும் பக்கத்தில் இருக்கிறார்களா?