நாற்பத்துமூன்றாம் இலக்க மாடு

வவுனியாவில் நாங்கள் படித்த காலத்தில் அந்த ஊரையே சிரிக்கவைத்தவன், தான் ஒருமுறைகூடச் சிரித்து ஒருவரும் காணாத ஒருவன். அவனுக்குப் பல் இருக்கிறதா என்பதையே சோறு தின்னும்போதுதான் நாங்கள் உறுதிசெய்துகொண்டோம்.

முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வந்த கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. நீண்ட முகம், தொங்கும் இமைகள். நெருங்கிய உறவினர் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு நேரே வந்தவன்போல எந்த நேரமும் நிற்பான். அவன் பெட்டியோடு பாடசாலை விடுதி வாசலில் வந்து நின்ற அன்றே ஒருத்தன் கேட்டான்:

“ஆரடா செத்தது?”

“இன்னும் ஒருத்தரும் இல்லை” என்றான் அவன்.

அன்றைக்கு ‘செத்தவீடு’ என்று விழுந்த பெயர் கடைசிவரை போகவில்லை. விடுதி மாஸ்ரர்கூட வரவு இடாப்பில் அவன் பெயரைத் தேடிக் களைத்தபின், “எங்கை அந்தச் செத்தவீடு?” என்றுதான் கேட்பார்.

அவன் செய்த குழப்படிகள் எல்லாம் மற்றவர்களுடைய பொருளில்தான். ஆனால் எதையும் தனக்கென்று எடுத்ததில்லை, உடைத்ததில்லை. ஒரு மாரிகாலத்தில் ஆசிரியர்களின் அறையில் தொங்கிய குடைகள் எல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை மறைந்தன. திங்கட்கிழமை எல்லாம் திரும்பி வந்திருந்தன, கிழிசல் தைத்து, கம்பி நிமிர்த்தி. வலை பின்னிப் பழகிய கை. வந்தது உபத்திரவம். கணக்கு வாத்தியார் தன் குடையைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, “என்ரை குடையிலை நாலு ஓட்டை. இதிலை ஒண்டுமில்லை. இது என்ரை இல்லை” என்று மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்குப் போனார். ஒரு கிழமையாக எந்த ஆசிரியரும் தன் குடையைத் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளவில்லை.

இன்னொருமுறை விடுதி மாஸ்ரரின் சாய்மனைக் கதிரை. மத்தியானம் சாப்பிட்டபின் விறாந்தையில் அதில் படுத்துத்தான் அவர் கண்ணயர்வார். செத்தவீடு அதை ஒவ்வொரு நாளும் ஒரு சாண் வெளியே நகர்த்தினான். ஒரு சாண்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாஸ்ரரும் ஒவ்வொரு நாளும் ஒரு சாண் கூட நடந்து போய்ப் படுத்தார். இரண்டு மாதம் முடிய அவர் முற்றத்து வேம்பின் கீழ் உறங்கிக்கொண்டிருந்தார். மழை வந்து முகத்தில் விழுந்தபோதுதான் எழும்பிச் சுற்றிப் பார்த்தார்.

“டேய், நான் எப்பிடியடா இஞ்சை வந்தனான்?”

“நடந்துதான் சேர்” என்றான் செத்தவீடு.

ஆறு பிரம்படி. அடித்து முடித்தவர், “போ, போய்ச் சாப்பிடு” என்றார். விடுதியில் எந்த வழக்கும் அப்படித்தான் முடியும்: காலையில் குற்றம், மத்தியானம் அடி, பின்னேரம் அவருக்கே மறந்துபோகும்.

அந்த வருடம் அவனுக்கு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் இடம் கிடைத்தது. அவனுடைய குடும்பத்தில் கடலைவிட்டு வேறு தொழிலுக்குப் போகும் முதல் ஆள். கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: நன்னடத்தை பற்றிப் பொலிஸ் அறிக்கை பெறப்பட்ட பின்னரே அனுமதி உறுதியாகும். அந்த வரியை அவனும் வாசித்தான், நாங்களும் வாசித்தோம். ஒருவரும் இரண்டாம் முறை வாசிக்கவில்லை.

நேர்முகப் பரீட்சைக்கென்று தைத்த வெள்ளைச் சேட்டு ஒன்று அவனிடம் இருந்தது. அதைத் தோய்த்துக் கொடியில் போட்ட ஒரு சனிக்கிழமை, பக்கத்து ஊர் மாரிமுத்தரின் காளை வந்து முன்பக்கத்தைத் தின்றுவிட்டது. அந்தக் காளைக்கு விடுதி புதிதல்ல. வேலியைப் பிரித்துக்கொண்டு தினமும் வரும், குசினி வாசலில் கழுநீர் குடிக்கும், வாழைத்தோல் தின்னும், போகும். செத்தவீடு பின்பக்கம் மட்டும் மிஞ்சிய சேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மாட்டைப் பார்த்தான்.

“மூண்டு நேரமும் இஞ்சைதான் சாப்பிடுது” என்றான். “நம்பர் இல்லாமல் ஒருத்தர் ஹொஸ்டலிலை இருக்கேலாது.”

விடுதிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் உண்டு. சலவைக்குப் போகும் உடுப்பில் அதை அழியாத மையால் எழுதியிருப்போம். நாங்கள் நாற்பத்திரண்டு பேர். தெரு வேலைக்கு வைத்திருந்த பீப்பாவிலிருந்து ஒரு சிரட்டை தார் வந்தது. நாங்கள் ஐந்து பேர் கயிற்றையும் கொம்பையும் பிடித்துக்கொண்டோம். செத்தவீடு காளையின் பின்தொடையில், பாடசாலைக் கொப்பியில் எழுதுவதுபோல அழகாக, 43 என்று எழுதினான்.

அன்று பின்னேரம் இடாப்புக் கூப்பிட்டபோது காளை வரிசையின் கடைசியில் நின்றது. நாற்பத்திரண்டோடு மாஸ்ரர் கொப்பியை மூடப் போனார்.

“இன்னும் ஒராள் இருக்கிறார் சேர்” என்றான் செத்தவீடு. வாலை மெல்ல முறுக்கினான். காளை கத்தியது.

மாஸ்ரர் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவிட்டு விடுங்கோடா, வீட்டை போகட்டும்” என்றார். காளை தன்பாட்டில் வீட்டுக்குப் போனது. எங்கள் கணக்கில் விசயம் அதோடு முடிந்தது.

மறுநாள் காலை மாரிமுத்தர் ஊர் அதிகாரியான விதானையாரோடும் எட்டுப் பேரோடும் வந்து நின்றார். எட்டுப் பேரில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

“என்ரை மாட்டின்ரை குறியிலை தார் பூசினவன் ஆர்?”

செத்தவீடு முன்னால் போனான். “நான்தான் ஐயா.”

“ஏன் குறியிலை பூசினனீ?”

“அதிலை மயிரில்லை. எழுத வசதியாய் இருந்தது.”

அவன் பொய் சொல்லவில்லை. கடற்கரைப் பிள்ளை அவன். அவனுடைய ஊரில் தார் என்பது வள்ளத்துக்குப் பூசும் காப்பு. மாட்டின் தொடையில் சூட்டுக்கோலால் இட்ட குறியின் காய்ந்த தழும்பு அவனுக்கு வெறும் வெற்றிடம். மாடு வளர்க்கும் ஊரில் அந்தத் தழும்புதான் காணி உறுதிப் பத்திரம் போன்றது. காட்டில் தவறிய மாட்டை எவன் கண்டாலும், குறியின் எழுத்தை வாசித்துத்தான் இன்ன ஊர், இன்ன குடும்பம் என்று சொல்லியனுப்புவான். மாடு திருடுகிறவன் முதலில் செய்வது குறியை மறைப்பது. இரண்டு மாதத்துக்கு முன் இந்தக் காளையின் சோடி தொலைந்து, மல்லாவிப் பக்கம் தோலாகக் கிடைத்திருந்தது. குறியிருந்த இடம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. கறுப்புத் தாரோடு மற்றக் காளை படலைக்குள் வந்தபோது மாரிமுத்தர் என்ன நினைத்திருப்பார் என்பதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது.

மாஸ்ரர் எங்களை மாரிமுத்தரின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் போட்டுத் தேய்த்தோம். ஒரு மணித்தியாலத்தில் தார் போய்விட்டது. மாரிமுத்தர் குனிந்து, குறியின் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார்.

“என்ரை அப்பு சுட்ட குறி” என்றார். பிறகு, “சரி, போங்கோ பிள்ளையள்” என்றார்.

ஆனால் விடுதிக்கு வருமுன்னரே அவர் பொலிசில் முறைப்பாடு எழுதிக் கொடுத்திருந்தார். அதை மீட்க அவரும் மாஸ்ரரும் சேர்ந்துதான் போனார்கள்.

“அறியாப் பிள்ளையள் விளையாடிப் போட்டுதுகள். என்ரை கடுதாசியைத் தாங்கோ” என்றார் மாரிமுத்தர்.

“எழுதித் தந்த உடனை அது உங்கடை இல்லை, அரசாங்கத்தின்ரை” என்றார் சார்ஜன்ட். “நீங்கள்தானே ஐயா மாட்டுக் களவைப் பொலிஸ் கவனிக்கிறேல்லை எண்டு மனுப் போட்டனீங்கள்? இப்ப கவனிக்கிறம்.”

வழக்கு நாளில் நாங்கள் ஐந்து பேரும் நீதிமன்றத்தின் கடைசி வாங்கில் இருந்தோம். விடுதி இடாப்பு சான்றாக வந்தது. அதில் நாற்பத்துமூன்றாவது வரியை, காளை இடாப்புக்கு நின்ற அன்றிரவே செத்தவீடு முறையாக நிரப்பியிருந்தான். பெயர்: காளை. தந்தை பெயர்: விசாரிக்கவேண்டும். சேர்ந்த காரணம்: பசி. நீதவானின் உதடு சற்று அசைந்ததை நான் பார்த்தேன்.

களவெடுத்தவன் களவெடுத்த மாட்டை இடாப்புக்குக் கொண்டுவந்து நிறுத்துவானா என்று எங்கள் பக்கச் சட்டத்தரணி கேட்டார். சபையே சிரித்தது. நீதவான் பேனையை வைத்துவிட்டு, “சிரிப்பதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். மாட்டுக்காரர் சிரிக்கவில்லையே” என்றார். பிறகு கூண்டைப் பார்த்தார்.

“இவ்வளவு பெரிய காளை. நீர் தனியவா பிடித்து எழுதினீர்?”

“ஓம் ஐயா.”

“ஒருவரும் உதவவில்லையா?”

“அது நல்ல மாடு ஐயா.”

நாங்கள் ஐந்து பேரும் நிலத்தைப் பார்த்தோம். எழும்பி நிற்க எங்களுக்குக் கால் இருந்தது. ஆனால் எழும்பவில்லை. அடுத்த வருடம் எங்களுக்கும் உத்தியோகக் கடிதங்கள் வரவேண்டியிருந்தன.

களவு இல்லை என்று நீதவான் தீர்த்தார். குறியை மறைத்த குற்றத்தை எதிரியான செத்தவீடே ஒப்புக்கொண்டிருப்பதால், குற்றவாளி எனக் கண்டு எச்சரித்து விடுவித்தார். சிறை மறியல் ஒன்றும் இல்லை. வெளியே வந்து நாங்கள் கைதட்டினோம். மாஸ்ரர் மட்டும் கைதட்டவில்லை. கடிதத்தின் அந்தக் கடைசி வரி அவருக்கு ஞாபகம் இருந்தது.

பொலிஸ் அறிக்கை ஒரு படிவம். ‘முன்னர் எக்குற்றத்துக்காயினும் குற்றவாளியாகக் காணப்பட்டவரா?’ என்ற கேள்விக்கு எதிரே ‘ஆம்’ என்று எழுதியிருந்தது. என்ன குற்றம், ஏன் செய்தான், யாருக்கு என்ன நட்டம் என்று எழுதப் படிவத்தில் இடம் இல்லை. கலாசாலையிலிருந்து இரண்டு வரியில் மறுப்பு வந்தது. மாஸ்ரர் நான்கு பக்கத்தில் பதில் எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை. “என்னட்டை விட்டிருந்தா ஆறு அடியோடை முடிச்சிருப்பன்” என்று பலநாள் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

செத்தவீடு முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நின்றபோது மாரிமுத்தர் ஒரு மண்முட்டி தயிரோடு வந்தார். எப்படிப் பேச்சைத் தொடங்குவதென்று தெரியாமல் முட்டியைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தார்.

“தம்பி, என்னிலை கோவமோ?”

“இல்லை ஐயா. மாடு சுகமோ?”

“சுகம்.”

“ஹொஸ்டல் வேலியை ஒருக்காக் கட்டச் சொல்லுங்கோ. அது திரும்பவும் வரும்.”

பஸ் வந்தது. தயிர் முட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சாவுக்குப் போகிறவன்போல நேரே பார்த்தபடி போனான். பிறகு அவன் தகப்பனோடு கடலுக்குப் போவதாகக் கேள்விப்பட்டோம். பாடம் சொல்லிக் கொடுத்திருந்தால் எப்படியிருப்பான் என்று நான் யோசிப்பதுண்டு. ஒரு வகுப்பு முழுதும் சிரித்துக்கொண்டிருக்க, ஏனென்று தெரியாத முகத்தோடு கரும்பலகைக்கு முன்னால் நின்றிருப்பான்.

எனக்கு உத்தியோகம் கிடைத்தது. பத்திரிகைக்கு நீதிமன்றச் செய்தி எழுதுவதே என் வேலையாயிற்று. மாணவர் குழப்படி வழக்குகள் எத்தனையோ பார்த்தேன். பிறருடைய பொருளில் விளையாடினால் ஒருவரும் ஒன்றும் கேட்கக்கூடாது என்று நான் எழுதியதில்லை. மாரிமுத்தரின் பயம் பொய்யல்ல. அவனை அந்த வீட்டில் ஒரு மாதம் மாடு மேய்க்கச் சொல்லியிருந்தால் குறியின் அருமையை அவனும் படித்திருப்பான், அவனைப் பார்த்து மாரிமுத்தரும் ஒருநாள் சிரித்திருப்பார். சிறு பிழைக்கும் பெரும் பிழைக்கும் ஒரே ‘ஆம்’ போதும் என்கிற படிவத்தோடுதான் எனக்கு வழக்கு. அதைப் பலமுறை எழுதினேன். படிவம் மாறவில்லை.

வழக்குகளில் எதிரிகளின் பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது எல்லாம் பிழையில்லாமல் எழுதுவது என் தொழில். செத்தவீட்டின் முழுப் பெயரும் எனக்கு நன்றாகத் தெரியும். அது ஏற்கனவே ஒருமுறை ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டுவிட்டது. இன்னொருமுறை என் கையால் எழுத எனக்கு மனம் வரவில்லை.