சீதனத்துச் சிவப்புக் கார்

கார் கொட்டிலில் நின்றது. அதன் எஞ்சின் மாமரத்தடியில், இரண்டு பனங்குற்றிகளின் மேல் குந்தியிருந்தது. இந்தக் கோலத்தில் இருக்கும்போதுதான் உரும்பிராயிலிருந்து சேதி வந்தது. சம்பந்தியாக வரப்போகிற முருகேசர் வெள்ளிக்கிழமை அரியாலைக்கு வருகிறாராம். எஞ்சின் வேலை செய்கிறதா என்று பார்த்தால் போதுமாம்.

பெண்ணின் தகப்பன் பரமலிங்கம் மாமரத்தடிக்கு ஓடினார்.

கண்டியில் வேலை பார்த்த காலத்தில் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவரிடம் அவர் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டு பேர்தான் இருக்கலாம். யுத்தத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் விட்டதிலிருந்து ஓடவில்லை. மண்ணெண்ணெயில் ஓடப் பண்ணலாமென்று, குருநகரில் வள்ளத்து எஞ்சின் திருத்துகிற கனிசியஸ் எஞ்சினைக் கழற்றித் துப்புரவாக்கி வைத்திருந்தான்.

மகள் பராசக்திக்குச் செவ்வாய்க் குற்றம். சாதகம் பொருந்தி வந்தது இந்த ஓரிடந்தான். வீடு வளவைப் பற்றி ஒன்றும் கேட்காத முருகேசர், சீதனத்துக் காரைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டிருந்தார்.

"என்னத்துக்கெண்டு ஒருக்கால் கேளுங்கோவன்" என்றாள் மனைவி பத்மாவதி. "பெற்றோலில்லாத ஊரிலை வெங்காயத் தோட்டக்காரருக்குக் கார் ஏன்?"

"மாப்பிள்ளை வீட்டாரிட்டை ஏன் எதுக்கெண்டு கேக்கிறதோ? பொம்பிளை மாப்பிள்ளை ஊர்வலத்துக்காக்கும். நீ சும்மா இரு."

கனிசியஸ் தைரியம் சொன்னான். "கழட்டின நான் பூட்டமாட்டனோ ஐயா?"

காரை மரத்தடிக்குத் தள்ளிவந்து, மாமரக் கொம்பில் சங்கிலி போட்டு இழுத்தார்கள். எஞ்சின் எழும்பவில்லை. கொம்பு முறிந்து காரின் முன்கண்ணாடியில் விழுந்தது.

"எஞ்சினுக்கு ஒரு கீறலுமில்லை ஐயா."

"காருக்கு?"

"காரை விடுங்கோ."

அடுத்ததாகக் காரையும் எஞ்சினையும் கொட்டிலுக்கு இழுத்துப்போய், கூரையின் குறுக்கு மரமான தீராந்தியில் எஞ்சினைக் கட்டினார்கள். எஞ்சின் எழும்பியது. தீராந்தி வளைந்து, கிடுகுக் கூரை முழுவதும் இருவர் தலையிலும் இறங்கியது. பட்ட காலிலே படும் என்பது பரமலிங்கத்துக்கென்றே சொன்னதுபோலும். அவர் கிடுகுகளுக்கு நடுவில் இருந்து வாய்விட்டு அழுதார்.

"என்ரை பிள்ளை குமராயே கிடந்து கிழவியாகப் போகுது!"

கடைசியில் பிள்ளையார் கோயிலில் சாமி காவுகிறவர்களைக் கூட்டிவந்தார். பாரம் அவர்களுக்குப் பழகியது. காவுதடி கட்டி, தோள் கொடுத்து, "அரோகரா!" என்று எஞ்சினைத் தூக்கினார்கள். பழக்கதோஷத்தில் அதோடு காரை ஒருமுறை வலம் வந்துவிட்டுத்தான் உள்ளே எழுந்தருளப் பண்ணினார்கள். எழுந்தருளிய வேகத்தில், எஞ்சினைத் தாங்குகிற இரும்புக் கால்கள் இரண்டும் முறிந்தன.

"இனி என்னடாப்பா செய்யிறது?" பரமலிங்கம் குனிந்து முறிந்த கால்களைப் பார்த்தார்.

"காரின்ரை சட்டத்தோடை சேத்துத் தறைஞ்சு விடுறன் ஐயா."

இரும்புப் பட்டை வைத்து, பழுக்கக் காய்ச்சிய ஆணிகளை அறைந்தான் கனிசியஸ். ஊரே காதைப் பொத்தியது.

"கடலுக்குப் போற வள்ளத்துக்கு அடிக்கிற மாதிரி அடிச்சிருக்கிறன். கார் உக்கி மண்ணானாலும் எஞ்சின் கழராது."

அன்றுதான் பரமலிங்கத்துக்குச் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை முருகேசர் மாட்டுவண்டிலில் வந்தார். கூடவே வண்டில்காரன் கதிரவேலுவும், ஒரு சுருள் தடித்த கயிறும். பெற்றோலில்லாத காலத்தில் பெரிய மனிதர்களும் வண்டிலில்தானே வரவேண்டும் என்று பரமலிங்கம் தேற்றிக்கொண்டார்.

கனிசியஸ் மருந்துப் போத்தலிலிருந்து பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினான். எஞ்சின் இருமியது, தும்மியது, பிறகு உறுமியது. மாமரத்துக் காகங்கள் எல்லாம் பறந்தன. உடைந்த முன்கண்ணாடியை முருகேசர் திரும்பியும் பார்க்கவில்லை.

"அருமையான சத்தம். இனியென்ன, நாள் வைப்பம்" என்றார்.

பரமலிங்கத்தின் கண் நிறைந்துவிட்டது. "எஞ்சினைப் பற்றி ஒரு யோசனையும் வேண்டாம் சம்பந்தி! காரோடை சேத்துத் தறைஞ்சிருக்கு. இந்தப் பிறப்பிலை அதை வெளியிலை எடுக்க ஏலாது!"

முருகேசரின் முகம் விழுந்தது. அவர் வண்டில்காரனைப் பார்த்தார்.

கயிற்றுச் சுருளைத் தோளில் வைத்திருந்த கதிரவேலு தலையைச் சொறிந்தான்.

"என்ன ஐயா, எஞ்சினை மட்டும் வண்டிலிலை ஏத்திக்கொண்டு போய் வெங்காயத்துக்குத் தண்ணி இறைப்பம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"