தொட்டிக்குள் வந்த அம்மை

அன்புள்ள மாப்பிள்ளை கிருஷ்ணராஜ் அவர்களுக்கு,

தெமோதரையிலிருந்து மாமனார் தம்பையா எழுதுவது. முருகன் கிருபையால் நானும் அத்தையும் சுகம். கொழும்பில் நீங்களும், வயிற்றுப் பிள்ளையோடிருக்கும் என் மகள் சிவசக்தியும் அவ்வாறே சுகமாயிருக்க வேண்டுகிறேன். தொட்டியில் உள்ளவர்களைப் பற்றி மட்டும் அப்படி எழுத முடியவில்லை. போனில் சொன்னால் சக்திக்குக் கேட்டுவிடும், பயந்துவிடுவாள். அதனால்தான் உங்கள் ஒபிஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

கொழும்புச் சூடு ஆகாது, மலைக்குளிர்தான் வேணும் என்று நீங்கள் எங்களிடம் விட்டுப்போன நியூட்டுகள் இரண்டையும் ஒரு குறையுமில்லாமல்தான் பார்த்தோம். பல்லி மாதிரி உடம்பும் சிவத்த வயிறுமாய்த் தண்ணிக்குள் திரியிறதுகளை முதலில் கண்டு முகம் சுளிச்ச அத்தைதான், அப்புறம் மூத்தவன், இளையவன்னு பேர் வச்சு, மண்புழு தேடிக் கொல்லையெல்லாம் கிண்டினா. முதல்ல இளையவனுக்கு வயிறு ஊதிச்சு. வாயுன்னு சொல்லி அத்தை ஓமத்தண்ணி கலக்க வந்தா, நான் கையைப் பிடிச்சுத் தடுத்து, புழுவைப் பாதியாக் குறைச்சேன். அந்தக் கவலை தீருறதுக்குள்ள மூத்தவன் உடம்பெல்லாம் தோல் வெள்ளையா உரிஞ்சு தொங்குது. அத்தை ஒரு பார்வை பார்த்தா, கன்னத்துல போட்டுக்கிட்டா, "அம்மா தாயே, ஆத்தா வந்துட்டா!"ன்னா. அவ்வளவுதான் மாப்பிள்ளை, என் நிம்மதி போச்சு.

இந்தக் குளிர்ல வேப்பமரத்துக்கு எங்க போறது? பதுளைக் கோயில் வரைக்கும் பஸ்ல போய் ஐயர்கிட்டக் கெஞ்சி வேப்பங்குழை கொண்டாந்தேன். வாசல்ல ஒண்ணு, தொட்டி மேல ஒண்ணு. மஞ்சளைத் தண்ணியில கரைக்க மட்டும் நான் விடல. வீட்டுல தாளிப்பு இல்ல, கோழி இல்ல, கருவாடு இல்ல. நோய் தொட்டிக்குள்ள, பத்தியம் எனக்கு! உப்பு கடன் கேட்டு வந்த பக்கத்து வீட்டு வேலாயி வேப்பங்குழையைப் பார்த்துட்டு வந்த வழியே ஓடினவதான், சாயங்காலத்துக்குள்ள தோட்டத்து லயம் முழுக்க எனக்கு அம்மைன்னு பேச்சு. மறுநாள் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. ஐயாவே மோட்டார் சைக்கிள்ல வந்து இறங்கி, "நோயாளி எங்கங்க?"ன்னார். வாங்கன்னு கூட்டிட்டுப் போய்த் தொட்டியைக் காட்டினேன். அவர் குனிஞ்சு பார்த்தார், என்னைப் பார்த்தார், அத்தை குடுத்த தேத்தண்ணியைக் குடிச்சார், மோட்டார் சைக்கிள்ல ஏறிப் போயிட்டார்.

அது கிடக்கட்டும். இப்ப விசயம் இதுதான். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான்னு நாங்க மன்றாடி, கொழும்பு ஆஸ்பத்திரிதான் நல்லதுன்னு நீங்க மறுத்து, கடைசியில எங்களுக்காக இறங்கி வந்து மாசக் கடைசி ஞாயித்துக்கிழமைக்கு ரயில் சீட்டும் போட்டீங்க. ஆனா புள்ளத்தாச்சி அம்மை வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுங்கிறா அத்தை. தூளி கட்டத் துவைச்சு வச்ச சேலையை மடிச்சுப் பெட்டியில போட்டுட்டு, அடுப்படியில நின்னு அழுதா. எனக்கும் மனசு தாங்கல. அதனால சக்தியைக் கூட்டிட்டு வராதீங்க. நீங்க மட்டும் வந்து தொட்டியை எடுத்துட்டுப் போயிடுங்க. எங்களால ஆகாது.

பிள்ளைகள் இருவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமா தம்பையா

பி.கு.: கவரை ஒட்டிட்டுத் தபாலுக்குக் கிளம்பினவன், ஒருக்கா தொட்டியை எட்டிப் பார்த்தேன். கவரைக் கிழிச்சுட்டேன். இவ்வளவு எழுதினதை வீசவும் மனசில்ல, அதனால அப்படியே அனுப்புறேன். மூத்தவன் பாம்பு சட்டை கழட்டுற மாதிரித் தோலை முழுசாக் கழட்டி, அதையே சாவகாசமாத் தின்னுக்கிட்டிருக்கான். உள்ள புதுத்தோல் பளபளன்னு இருக்கு. அம்மையும் இல்ல, கிம்மையும் இல்ல. இளையவனுக்கு வாயுவும் இல்ல. இளையவன் ஆம்பிளையே இல்ல மாப்பிள்ளை! பாசி இலையை மடிச்சு மடிச்சு முட்டையா வச்சிருக்கா. பாதிப் புழு போட்ட பாவி நான். வேப்பங்குழையைப் பிடுங்கி எறிஞ்சாச்சு, தூளிச் சேலை திரும்ப வெயிலுக்கு வந்தாச்சு, அடுப்படியில கருவாடு பொரியுது. மேல எழுதினது எதையும் மனசுல வச்சுக்காதீங்க. பெத்த உடம்பை அசைக்க விடமாட்டேன்ங்கிறா அத்தை, அதனால தொட்டி இங்கதான் இருக்கும். என் மகளைக் கூட்டிட்டு வாங்க. உங்க பல்லியே பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு வந்துடுச்சு.