ஈயச்சட்டைக்கு வந்த கடிதம்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஊசி போடாமல் தப்பியவர்கள் உண்டு. மருந்து கிடைக்காமல் திரும்பிப் போனவர்களும் உண்டு. ஈயச்சட்டையிடம் ஏச்சு வாங்காமல் போனவர் என்று மட்டும் ஒருவரும் இல்லை. நோயாளி வாங்கினார், நோயாளியைத் தூக்கி வந்தவர் வாங்கினார், படம் எடுக்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்த டொக்டர் வாங்கினார். ஒருமுறை சுவருக்கு வெள்ளையடிக்க வந்த மனிதர்கூட வாங்கினார். எக்ஸ்ரே அறைக் கதவுக்கு மேலே சிவப்பு லைட் எரியும்போது கதவில் கை வைத்தது அவர் செய்த குற்றம்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியலைத் தயாரித்த இலிகிதன் நான் என்பதால் எனக்கு அது தெரியும். எக்ஸ்ரே படம் எடுப்பவரான அவர், வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரை முழுவதற்கும் ஈயச்சட்டைதான். படம் எடுக்கும்போது கதிர் உடம்பில் படாமல் இருக்கப் போடும் அந்தப் பாரமான ஈய அங்கியை அவர் காலையில் வந்ததும் மாட்டுவார், வீட்டுக்குப் போகும்போதுதான் கழற்றுவார். சித்திரை வெயிலில் கன்ரீனுக்குத் தேத்தண்ணி குடிக்கவும் அதோடுதான் வருவார். வியர்வை முழங்கையால் சொட்டும். ஏன் இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். கழற்றினால் யாராவது மடித்து வைத்துவிடுவார்கள் என்றார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஈய அங்கியை மடித்தால் உள்ளே வெடிப்பு விடும். கண்ணுக்குத் தெரியாது, கதிருக்குத் தெரியும். முன்பு அறையில் இரண்டு அங்கிகள் இருந்தன. சிற்றூழியர் ஒருவர் நல்லெண்ணத்தில் ஒன்றைத் தோய்த்த சாரனைப்போல நாலாக மடித்து உட்காரும் கதிரையில் வைத்துவிட்டார். ஈயச்சட்டை அன்றைக்கு மேசையில் அந்த அங்கியைப் படுக்க வைத்து அதற்கே ஒரு எக்ஸ்ரே எடுத்தார். நெஞ்சுப் பக்கத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. அந்தப் படத்தைச் சுவரில் மாட்டி, சிற்றூழியரைக் கூப்பிட்டு, செத்த வீட்டில் நிற்கிறவர் மாதிரி பக்கத்தில் நின்றார். அதோடு அந்த அங்கி ஒதுக்கப்பட்டது. புதிது கேட்டு அவர் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களை நான்தான் தட்டச்சு செய்தேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே. ஒருவருக்குக் கால் முறிந்தால் ஆஸ்பத்திரிக்கு வருவது ஒரு கால் இல்லை, ஒரு லோட் ஆட்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல்வட்டையில் வரம்பு வழுக்கி விழுந்த கமக்காரர் ஒருவரோடு மச்சான், மச்சாள், சித்தப்பன் எல்லோரும் எக்ஸ்ரே அறைக்குள் புகுந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விட்டுப் போவது மரியாதை இல்லை என்பது அவர்கள் எண்ணம்.

"படம் காலுக்கா, குடும்பத்துக்கா?" என்று கேட்டார் ஈயச்சட்டை. "எல்லாரும் வெளிய போங்க. சுகமான உடம்புல இந்தக் கதிர் ஒரு பொட்டும் படப்படா."

பெண் பிள்ளைகள் வந்தால் வயிற்றில் பிள்ளை உண்டா என்று கேட்காமல் அவர் பொத்தானைத் தொட்டதில்லை. புதிதாகக் கலியாணம் செய்த பெண்ணிடம் கேட்டால் கூட வந்த மாமியார் முந்திக்கொண்டு இல்லை என்பார். மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்பார். அப்படிக் கேட்டதில், புருசனுக்குக்கூடச் சொல்லாத செய்தியை முதலில் அறிந்தவர் இவர் என்று இரண்டு மூன்று தடவை நடந்திருக்கிறது. பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, துண்டை டொக்டருக்கே திருப்பி அனுப்புவார். போன தடவை படம் எடுத்ததும் முதுகு நோவு குறைந்துபோனது, இன்னும் ஒன்று எடுங்கள் என்று வந்த கிழவரையும் அப்படித்தான் அனுப்பினார். "இது தைலம் இல்ல அப்பு," என்றார்.

அங்கியின் கழுத்துப் பட்டையில் அவர் குத்தியிருந்த சிறு பிளாஸ்டிக் பட்ஜ் பற்றியும் சொல்ல வேண்டும். அதைத் தாயத்து என்றுதான் சிற்றூழியர்கள் நினைத்தார்கள். அது காப்பாற்றாது, பட்ட கதிர் எவ்வளவு என்று அளந்து மட்டும் வைக்கும் என்று அவர் சலிக்காமல் விளக்குவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அது கொழும்புக்குப் போகும். அளவு கடிதமாகத் திரும்பி வரும். அவருக்கு எப்போதும் ஒன்றுமில்லை என்ற மாதிரித்தான் வரும். அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டிவிட்டு, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி போவார்.

ஒருமுறை வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. அளவு எல்லையைத் தாண்டிவிட்டது, விசாரணை முடியும்வரை அவர் எக்ஸ்ரே அறைக்குள் போகக் கூடாது. வேறு ஆள் இல்லாததால் அறையைப் பூட்டினோம். முறிந்த கை கால்களெல்லாம் ஓட்டோவில் பாலம் தாண்டி நகரத்துக்குப் போயின.

ஈயச்சட்டை ஏசுவதை நிறுத்திவிட்டார். நிலைமை மோசம் என்று எங்களுக்குத் தெரிந்தது அதிலிருந்துதான். இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். முடிவு நல்லதாகவே வந்தது, அவர் நம்பவில்லை. படம் எடுத்தால் கதிர் உடம்பில் ஒட்டாது, மற்றவருக்குத் தொற்றாது என்று ஊர் முழுக்கச் சொன்ன மனிதர், என் மேசையிலிருந்து தன் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

"இவ்வளவு காலமும் மறைப்புக்குப் பின்னால ஒளிஞ்சி நிண்டுதான் படம் எடுத்தன்," என்றார் ஒருநாள். "எந்தப் பக்கத்தால வந்திச்செண்டு தெரியல்ல. மகளுக்கு இன்னும் ஒண்டும் சொல்லல்ல."

பத்து நாள் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். ஈயச்சட்டையின் மகள் வயதுதான் இருக்கும். கையில் ஒரு கருவியோடு சுவர், கதவு, அவர் நின்று பொத்தானை அழுத்தும் ஈயக் கண்ணாடி மறைப்பு எல்லாவற்றையும் சோதித்தார். எங்கும் ஒழுக்கு இல்லை. பட்ஜை எப்போதாவது கழற்றி வைப்பதுண்டா என்று கேட்டார். வேலை நேரத்தில் அது தன்னை விட்டுப் பிரிந்ததே இல்லை என்று ஈயச்சட்டை சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அப்படியானால் வழக்கம்போல வேலை செய்யுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றார் அதிகாரி. பதிவுப் புத்தகத்தோடு நானும் மறைப்புக்குப் பின்னால் நின்றேன்.

ஏறாவூரிலிருந்து தாய்வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண், சளி பிடித்த இரண்டு வயதுப் பிள்ளையோடு உள்ளே வந்தார். பிள்ளை மேசையைக் கண்டதும் கத்தத் தொடங்கியது. தாய் பிடிக்காமல் நிற்காது. பிள்ளையின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றாததற்கு ஈயச்சட்டை முதலில் ஏசினார். பத்து நாளுக்குப் பிறகு அந்த ஏச்சைக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது. வயிற்றில் பிள்ளை இல்லையே என்று கேட்டு உறுதி செய்தார். பிள்ளையின் அடிவயிற்றுக்கு ஒரு சிறு ஈயத் துண்டை வைத்தார். பிறகு தன் அங்கியைக் கழற்றித் தாயிடம் நீட்டினார்.

"அபாயாவுக்கு மேலால போடுங்க. நேர்ஸ், பின்னால இறுக்கிக் கட்டி விடுங்க. பாரமாத்தான் இரிக்கும், தாங்குங்க."

வெறும் சேர்ட்டோடு மறைப்புக்குப் பின்னால் ஓடி வந்தார். ஆடாதே என்று பிள்ளைக்கு ஒரு அதட்டல் போட்டார். பொத்தானை அழுத்தினார்.

"உங்கட பட்ஜ் எங்க சேர்?" என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

ஈயச்சட்டை கழுத்தடியைத் தொட்டார். அங்கே சேர்ட் பொத்தான் மட்டும்தான் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எக்ஸ்ரே மெசினுக்குப் பக்கத்தில், தாயின் கழுத்தடியில் பட்ஜ் இருந்தது. கடிதத்தில் அளவு கூடியிருந்த அந்த இரண்டு மாதமும் ஊரெல்லாம் சளிக் காய்ச்சல். இப்படித் தாய் பிடிக்கப் படம் எடுத்த பிள்ளைகள் எத்தனை என்று என் பதிவுப் புத்தகத்துக்குத்தான் தெரியும்.

தாய் அங்கியைக் கழற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். "இந்தாங்க டொக்டர், உங்கட சட்ட." அவர் வாங்கவில்லை. அதிகாரியைத்தான் பார்த்தார்.

"அப்ப அவ்வளவும் அந்தத் தாய்மாருக்கா பட்டிச்சி?"

"சட்டைக்குப் பட்டது சேர். சட்டைக்கு உள்ளுக்குப் போயிருக்காது."

ஈயச்சட்டை கதிரையில் உட்கார்ந்தார். தான் தப்பியது அவருக்கு நினைவுக்கே வரவில்லை போலிருந்தது. "நல்ல சட்டதான்," என்றார் என்னைப் பார்த்து. அவர் கண் கலங்கியிருந்தது. நான் பதிவுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

அறையைத் திறந்தோம். அதிகாரி எழுதிய அறிக்கையால் புதிய அங்கிகள் இரண்டு வந்தன. ஆனாலும் விதி விதிதான். பட்ஜ் அவர் உடம்பில்தான் இருந்திருக்க வேண்டும். விளக்கம் கேட்டு, பிறகு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவருடைய சுயவிவரக் கோவையில் சேர்ந்தது. வைத்திய அத்தியட்சகர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். 'தமது பாதுகாப்பு அங்கியை, அளவுமானியும் அதிலிருக்க, நோயாளிக் குழந்தைகளின் தாய்மாருக்குத் தொடர்ச்சியாக அணிவித்து வந்துள்ளீர்' என்று இருந்தது குற்றம்.

இந்த உத்தியோகத்தில் எத்தனையோ பேருக்குக் குற்றக் கடிதம் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அது என் பெயருக்கு வந்திருக்கக் கூடாதா என்று நான் ஆசைப்பட்டது அந்த ஒரு கடிதத்துக்குத்தான்.