கெல்சியின் ஆரஞ்சுக் கை

கழுவக் கழுவ நிறம் பரவிக்கொண்டே போனது. முதலில் இரண்டு விரல்தான் ஆரஞ்சு. ஓடைத் தண்ணீரில் தேய்த்த பிறகு உள்ளங்கை முழுவதும். 

கெல்சி வேண்டுமென்று செய்யவில்லை. ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் கால் வழுக்கியது. கைக்கு அகப்பட்ட செடியைப் பிடித்தாள். அவள் பிழைத்தாள், செடி வேரோடு வந்துவிட்டது. முறிந்த வேரிலிருந்து வழிந்ததுதான் இது.

காப்புக்காட்டில் கோடைகால வேலைக்குச் சேர்ந்த அன்றே அதிகாரி பர்ல் எச்சரித்திருந்தார். "மருந்துக்குத் தங்க விலை போற ஜின்செங் வேரைத் திருடுறவனைப் பிடிக்க ஒவ்வொரு வேர்லயும் சாயம் தடவியிருக்கோம். கையில ஒட்டுச்சு, ஜெயில்தான்."

செடியை அவசரமாகத் திரும்ப நட்டாள். அது குடிகாரன் மாதிரி சாய்ந்து நின்றது.

உடன் வேலை பார்க்கும் வேட் வந்து எட்டிப் பார்த்தான்.

"டேய், என்னை ஜெயில்ல போட்டுருவாங்களாடா?"

"பதினாறு வயசுக்கு ஜெயில் கிடையாது. சீர்திருத்தப் பள்ளிதான். சாப்பாடு நல்லா இருக்குமாம்."

"செருப்பு பிஞ்சிரும்."

"அழாதடி. கையுறையைப் போட்டுக்க. யாருக்குத் தெரியப்போகுது?"

போட்டுக்கொண்டாள். பத்தே நிமிடத்தில் பர்ல் எதிரே வந்து நின்றார்.

"ஜூலை வெயில்ல கையுறை எதுக்கு?"

"அரிப்பு சார். நச்சுக்கொடி பட்டுருச்சு."

"எங்க?"

பதற்றத்தில் வேறு இடமே வாயில் வரவில்லை. "விளிம்புப் பாதையில."

"ஐயோ, அங்க குழந்தைங்க நடக்குதே! பாதையை மூடுங்க! எல்லாரும் கையுறையோட வாங்க!"

அரை மணியில் பாதைக்குக் குறுக்கே கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாற்பது பேர் முதுகில் பையோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் எட்டுப் பேர் மண்டியிட்டு, இல்லாத நச்சுக்கொடியைத் தேடினார்கள். பர்ல் மட்டும் தேடவில்லை. பச்சையாக இருந்ததையெல்லாம் பிடுங்கினார்.

"சார், இது நச்சுக்கொடி மாதிரி தெரியலையே?" என்றான் வேட்.

"இருபது வருஷ அனுபவம்டா எனக்கு. நீ பிடுங்கு!"

சாய்ந்த செடியை நோக்கி அவர் நகர்ந்து வந்தார். கெல்சிக்கு வேறு வழி தெரியவில்லை. செடியை மறைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு பொண்ணு?"

"மயக்கமா இருக்கு சார்."

"பிள்ளைக்கு விஷம் ஏறிருச்சு! தூக்குங்கப்பா!"

இரண்டு பேர் தூக்கினார்கள். செடி மல்லாந்து விழுந்தது. குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

 பர்ல் குனிந்து குழியைப் பார்த்தார்.

"எவனோ வேரைத் தோண்டியிருக்கான்," என்றார் பர்ல், பல்லைக் கடித்தபடி. "ஒருத்தரும் நகரக் கூடாது. கையுறையைக் கழட்டுங்க."

கெல்சியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கையுறையை உருவி எறிந்தாள்.

"நான்தான் சார்! கீழ விழப் பாத்தேன், தெரியாமப் பிடிச்சுட்டேன். என்ன வேணா செய்யுங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க!"

பர்ல் பெருமூச்சு விட்டார். தொப்பியைக் கழற்றி, வழியும் வேர்வையைக் கையுறையாலேயே அழுத்தித் துடைத்தார்.

"வெர்னா! சாயம் கலக்கித் தடவுனது நீதானே. வந்து பாத்து உறுதி பண்ணு. நான் போலீசைக் கூப்பிடுறேன்."

வெர்னா பாதையோரம் நின்ற வண்டியிலிருந்து மெதுவாக இறங்கி வந்தாள். கெல்சியின் விரலை முகர்ந்தாள். பர்ல் பிடுங்கிப் போட்டிருந்த குவியலைக் காலால் கிளறி, அதில் கிடந்த ஜின்செங் வேர் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். பிறகு பர்லின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது ரத்தவேர்ச் செடி, கண்ணு, அதோட பாலே இந்த நிறம்தான். ஜின்செங்குக்கு நான் தடவுனது ஊதா, வேர்வை பட்டாத்தான் தெரியும். பர்ல், உன் நெத்தியைக் கண்ணாடியில பாத்துட்டு, அப்புறமா போலீசைக் கூப்பிடு."