இப்போதைக்குக்காரரும் படகு இழுத்த பேட்டரியும்

இப்போதைக்குக்காரர் என்றொரு இனம் உண்டு. படிப்பு, பதவி, வயது எதுவும் அதில் சேரத் தடையில்லை. குழாய் ஒழுகினால் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி, "இப்போதைக்கு இது போதும்" என்பார்கள். தாழ்ப்பாள் கழன்றால் கரண்டிக் காம்பைச் செருகி, "இப்போதைக்கு இது நிக்கும்" என்பார்கள். மூக்குக் கண்ணாடியின் காது உடைந்தால் பல்குச்சியை வைத்து டேப் ஒட்டி, அதையே மாட்டிக்கொண்டு கண் டாக்டரைப் பார்க்கப் போவார்கள். அந்த இப்போதைக்கு எப்போது முடியும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது முடிந்து யார் பார்த்தது?

நாம் பார்க்கப்போகிறவர் இந்த இனத்தில் சலித்துப் பொறுக்கிய ஆள். இன்சூரன்ஸ் கம்பெனியில் உத்தியோகம். தீப்பிடித்த கடைகளைப் போய்ப் பார்த்து, "தகுதியற்ற ஒயர் இணைப்பே விபத்துக்குக் காரணம், உரிமையாளரின் அலட்சியம் தெளிவாகத் தெரிகிறது" என்று ஈவு இரக்கம் இல்லாமல் அறிக்கை எழுதுகிறவர். எழுதி முடித்து வீட்டுக்கு வந்ததும், வரவேற்பறையில் ஸ்விட்ச் இருக்க வேண்டிய இடத்தில் தொங்கும் இரண்டு ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி விளக்கேற்றுவார். ஆபீஸ் வேறு, வீடு வேறு இல்லையா?

இவர் ஒரு படகு வாங்கினார். சின்னப் படகுதான். அதை ஏற்றி இழுத்துப் போக ஒரு டிரெய்லர். தண்ணீரிலிருந்து படகை டிரெய்லர் மேல் இழுத்து ஏற்ற, கையால் சுற்றும் விஞ்ச் ஒன்று அதிலேயே இருந்தது. இரண்டு முறை சுற்றியதில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. உடனே பட்டனை அழுத்தினால் தானே இழுக்கும் மின்சார விஞ்ச் வாங்கி வந்துவிட்டார். அதற்கு மின்சாரம்?

பேட்டரிக் கடைக்காரர் இரண்டு வழி சொன்னார். கார் பேட்டரியிலிருந்து பின்னால் வரைக்கும் விரல் பருமனில் கேபிள் இழுத்து நடுவில் ஃப்யூஸ் போடலாம். இல்லாவிட்டால் டிரெய்லரிலேயே தனியாக ஒரு பேட்டரி வைத்துவிடலாம். இவர் இரண்டையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, மூன்றாவது வழியில் வீடு திரும்பினார். பரணில் பழைய ஸ்பீக்கர் பெட்டியின் ஒயர் ஒரு சுருள் கிடந்தது ஞாபகம் வந்துவிட்டது.

விஞ்சோடு வந்த குறிப்புப் புத்தகத்தை அவர் மனைவி எடுத்துப் படித்தாள்.

"என்னங்க, மெல்லிசான ஒயர் கூடவே கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான்."

"கேஸு கீஸு போட்டுருவாங்கன்னு பயந்து எழுதுறது அது. நான் பாக்காத அறிக்கையா?"

"சூடாயி உருகிடும்னு படம் வேற வரைஞ்சிருக்கான்."

"இப்போதைக்கு இது போதும்மா. அடுத்த மாசம் நல்ல கேபிளா போட்டுக்கலாம்."

வாசலில் வைத்துச் சோதனையும் நடந்தது. பட்டனை அழுத்தினார். விஞ்ச் 'உய்ய்' என்று அழகாகச் சுற்றியது. கொக்கியில் படகும் இல்லை, பாரமும் இல்லை, வெறும் கயிறு. சும்மா சுற்றுவதற்கு எந்த ஒயர்தான் போதாது? இவர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவள் புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போனாள்.

இப்போது மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலம் கட்டும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கட்டிய பாலங்கள் எல்லாம் இன்னும் அசையாமல் நிற்கின்றன. அவர் முகமும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டுக்கு வரும்போதெல்லாம் கதவு, குழாய், ஜன்னல் என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் தடவிப் பார்ப்பாரே தவிர ஒரு வார்த்தை பேச மாட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நம்மவருக்கு ஒரே ஏக்கம்: இந்த மனுஷன் வாயால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லதாக ஒரு சொல் வராதா? அதற்காகவே மனைவியோடு அவரையும் படகு பார்க்க அழைத்தார். அதோடு, சொந்தக் காரில் டிரெய்லர் கொக்கி இப்போதைக்குக் கம்பியால் கட்டியிருந்ததால், மாமனாரின் புதுக் காரையும் கேட்டு வாங்கினார். சீட்டின் பாலித்தீன் உறையைக்கூட இன்னும் கழற்றாத கார். மாமனார் சாவியைக் கொடுத்த விதத்தைப் பார்த்தால், பெண்ணைக் கொடுத்தபோதுகூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டார் என்று தோன்றும்.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் படகு இறக்க ஒரு சிமெண்ட் சரிவு. ஸ்பீக்கர் ஒயரை வீட்டிலேயே மாமனார் கார் பேட்டரிக்கு மாற்றிக்கொண்டுதான் வந்திருந்தார் நம்மவர். காலையில் இறக்கினார்கள், ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். எல்லாம் சுபம். திரும்ப ஏற்றும்போது காரைப் பின்னால் எடுத்து, டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, படகைக் கொக்கியில் மாட்டிப் பட்டனை அழுத்தினார். விஞ்ச் உறுமியது, முனகியது, நின்றது. மறுபடி அழுத்தினார். ஸ்பீக்கர் ஒயர் பாட்டுக்குப் பதில் புகை விட்டது.

"என்னமோ தீயுது மாப்ள," என்றார் கரையிலிருந்த மாமனார்.

"புது ஒயர் மாமா, முதல்ல கொஞ்சம் வாசம் வரும்."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் பழைய கை விஞ்சைச் சுற்றியிருப்பார்கள். நம்மவர் மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்தது. ஒயர் நீளமாக இருப்பதுதானே தகராறு? பேட்டரியை விஞ்சுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டால்? காரின் முன்மூடியைத் திறந்தார். பேட்டரியைப் பிடித்திருந்த பட்டையின் போல்ட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மாமனாரின் புதுக் கார் பேட்டரியைக் குழந்தையைப் போல் இடுப்பில் அணைத்துத் தூக்கிவந்து, டிரெய்லர் மேல் வைத்து, விஞ்சோடு வந்த குட்டைக் கேபிளில் மாட்டினார்.

"என்னங்க பண்றீங்க?" என்று மனைவி கத்தினாள்.

"இப்போதைக்குத்தான்!"

இழுத்தது பாருங்கள்! படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்து டிரெய்லரில் ஏறி உட்கார்ந்தது. கொஞ்சம் கோணலாக உட்கார்ந்ததால் இறக்கிவிட்டு மறுபடி இழுத்தார். இன்னும் நேராக வரட்டும் என்று இன்னொரு தரம். கரையில் நின்ற மாமனார் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "பரவாயில்லையே," என்றார்.

நம்மவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஒரு பரவாயில்லையே.

பேட்டரியைக் கொண்டுபோய் காரில் வைத்து இணைத்தார். ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினார். 'டிக்' என்றது கார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பேட்டரியில் இருந்ததையெல்லாம் படகு மூன்று தரம் ஏறி இறங்கியே குடித்துத் தீர்த்துவிட்டது. சரி, இன்னொரு வண்டியில் கட்டி இழுக்கலாமா? முடியாது. புதுக் கார்; கை பிரேக்குக்கும் பட்டன்; மின்சாரம் இல்லாமல் அது விடாது. அப்போதுதான் மனைவி சொன்னாள்:

"என்னங்க, தண்ணி ஏறுது."

கடல் ஏறும் நேரம். பின்சக்கரம் பாதி முழுகியிருந்தது. இழுத்து ஏற்றிய படகு டிரெய்லர் மேலேயே மெல்ல மிதக்கத் தொடங்கியது. மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி, காரின் பின்பக்கம் கையை வைத்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் என்றால் யோசனை. "சக்கரத்துக்கு அடியில பலகை வைங்க, இப்போதைக்கு நிக்கும்" என்றார் ஒருவர். "புகைக் குழாய்ல துணியை அடைச்சிடுங்க" என்றார் இன்னொருவர். "படகு பேட்டரி இல்லையா, அதை மாட்டுங்க" என்று மூன்றாமவர். படகின் பேட்டரியைப் போன வாரம்தான் இப்போதைக்கு வீட்டு மீன் தொட்டிக்கு மாற்றியிருந்தார் நம்மவர். படகு எஞ்சினைக் கயிற்றால் இழுத்துத்தான் கிளப்பினார். அதைச் சபையில் சொல்ல முடியுமா? "அது சின்னது," என்று முணுமுணுத்தார்.

கடைசியில் ஒரு ஜீப்காரர் வண்டியைச் சரிவில் இறக்கிக் காரின் மூக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி, பேட்டரிக்குப் பேட்டரி கேபிள் மாட்டினார். கார் இருமியது. தண்ணீருக்குள் புகைக் குழாய் குமிழி விட்டது. கிளம்பிவிட்டது!

"நிறுத்துங்க!" என்றார் ஜீப்காரர். "பேட்டரியப் பிடிக்கிற போல்ட் எங்க? இப்படியே மேட்டுல ஏத்துனா பேட்டரி சரிஞ்சு இரும்புல மோதித் தீப்பிடிச்சுக்கும். அப்புறம் காரே இருக்காது."

நம்மவர் சட்டைப் பையைத் தடவினார். காலி. பேட்டரியைத் தூக்கக் குனிந்தபோது போல்ட் எந்தத் தண்ணீரில் விழுந்ததோ! மெல்லத் திரும்பி மாமனாரைப் பார்த்தார். பாலங்கள் கட்டிய மனிதர். வாழ்நாளில் ஒரு ஆணியைக்கூடத் தற்காலிகமாக அடித்தறியாதவர். தண்ணீர் பின்கதவின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மாமனார் காரைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். பிறகு சட்டையைத் தூக்கி, இடுப்பிலிருந்த தோல் பெல்ட்டைச் சரசரவென்று உருவி நீட்டினார்.

"பக்கிள் இரும்புல படாம கட்டுங்க மாப்ள," என்றார். "இப்போதைக்கு."

கார் மேலே ஏறியது. ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்தபடி பின்னாலேயே ஏறி வந்தார் மாமனார். இது நடந்து ஆறேழு மாதம் ஆகிறது. பெல்ட் இன்னும் அங்கேதான் இருக்கிறது. போல்ட் வாங்க மாமனாருக்கு நேரமில்லை, கேட்டால், "நல்லாத்தான பிடிச்சிருக்கு?" என்கிறாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் அதிகம் குலுங்கிச் சிரிக்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் நாலாவது காலுக்கு அடியில் ஒரு காகிதம் மடித்து வைத்தீர்களே, அது நகர்ந்துவிடப் போகிறது.