பன்னிரண்டாம் நம்பர் வீட்டு உளுந்து டின்

தமிழ்நாட்டுப் பெண்கள் அத்தனை பேரின் அடுக்களை ரகசியமும் தெரிந்த ஒரே ஆண்பிள்ளை எங்கள் சிறுவாட்டு சார்தான். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினார். புருஷனுக்குத் தெரியாமல் பெண்கள் சேர்க்கிற சிறுவாட்டுப் பணம்தான் அவருடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி. எண்பதுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தார்.

ஆண்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் வருவார். வாசலைத் தாண்ட மாட்டார். நாய்க்குப் பயம், மாமியார்களுக்கு அதைவிடப் பயம். பேனா கசியும் என்று பென்சில், முனை உடையும் என்று ஏழு பென்சில். கேள்வி மட்டும் கூசாமல் கேட்பார்.

“உளுந்து டின்னுல எம்புட்டும்மா இருக்கு?”

“டின்னுன்னு யாரு சார் சொன்னா?” எனக்குப் பதறிவிட்டது.

“பருப்பு டின்ன தெனம் தொறப்பாக. உளுந்து வாரத்துக்கு ஒருக்கத்தான? பயப்படாதீக, பேரு வராது. நம்பர்தான் போடுவேன்.”

சொல்லிவிட்டேன். மகளை மதுரையில் காலேஜில் சேர்க்க ஆறு வருஷமாகச் சேர்த்த பணம் அது. என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். கையில் காசு சிக்கினால் புது மிஷின் வாங்கிவிடுவார். “பொட்டப்புள்ளைக்கு எதுக்குட்டி காலேஜு?” என்பது அவர் கட்சி.

ஒரு நாள் காலை சார் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார்.

“மோசம் போயிட்டேம்மா! ஆராய்ச்சிய ராஜபாளையத்துல டைப் அடிக்கக் குடுத்தேன். ரசீதுல ஓனர் வீட்டு விலாசம் இருக்கு. உங்க வீடு!”

“நம்பர்தான போட்டிருக்கீக?”

“கதவு நம்பரும்மா. எனக்குக் கொழம்பிரக் கூடாதுல்ல?”

படித்தவர் செய்கிற காரியமா இது? தூக்குவாளியில் சோற்றை அள்ளிப்போட்டுக்கொண்டு சாரோடு பஸ் ஏறினேன். நான் ஒவ்வொரு ஸ்டாப்பாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவரோ முன்சீட்டு வன்னியம்பட்டிக்காரியிடம், “சுருக்குப்பை தவிர வேற எங்க வைப்பீக?” என்று விசாரிக்கிறார்.

இன்ஸ்டிட்யூட்டில் என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க சார்! எங்க தெருவா இது? ஒம்பதாம் நம்பர்க்காரி சாமி படத்துக்குப் பின்னாடில்லா வச்சிருக்கா! ஏட்டி, நீ எங்க வந்த?”

“சோறு கொண்டாந்தேன்.”

பதினோராம் வீடு முடிந்திருந்தது. அடுத்தது எங்கள் வீடு. எச்சில் தொட்டு அடுத்த தாளைப் புரட்டப் போனார். நாய்க்குப் பயந்த மனுஷன் பாய்ந்து கட்டு முழுவதையும் பிடுங்கினார்.

“அம்புட்டும் பொய் சார்! வீடு வீடா ஏறப் பயந்து, உக்காந்த எடத்துலயே நானா எழுதுனது. டைப் அடிக்க வேண்டாம்.”

என் வீட்டுக்காரர் அதை ஊரெல்லாம் சொன்னார். பேச்சு கல்லூரி வரைக்கும் போனது. சாருக்குப் பட்டமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. அவர் எழுதியது சத்தியம் என்று எங்கள் தெருவில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். சாட்சி சொல்ல ஒருத்தியாலும் முடியவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அண்ணன் கொடுத்த பணம் என்று வீட்டில் சொல்லி, மறு வருஷம் மகளை மதுரைக்கு அனுப்பினேன். பஸ் ஸ்டாண்டில் சார் நின்றிருந்தார். கையில் பென்சில் இல்லை.

“ஹாஸ்டல் பீஸ் போக மிச்சம் எம்புட்டும்மா?” என்றார் மெதுவாக.

பைசா சுத்தமாகச் சொன்னேன். இந்த உலகத்தில் அவர் ஒருவரிடம்தான் அதைச் சொல்ல எனக்கு மனசு வந்தது.